சிங்காரம் கொத்தனார் அளந்த கட்டி

கெடார் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேட்டால், சிங்காரம் கொத்தனாரின் பூச்சு வேலையைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். சுவரை உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளம் தட்டாது, மூலை ஒரு நூல்கூடப் பிசகாது. ஆனால் அந்தப் பேச்சுக்கு நடுவே யாரும், "திண்டிவனத்துல சவுரிராயன் மேஸ்திரி கட்டின வீட்டப் பாத்தீங்களா" என்று வாயைத் திறந்துவிடக் கூடாது. திறந்தால் போச்சு. அன்றைக்கு முழுக்கச் சிங்காரத்துக்குச் சோறு இறங்காது. யாரோ தன் தட்டில் கையைவிட்டு அள்ளிக்கொண்டு போனதுபோல உட்கார்ந்திருப்பார்.

இத்தனைக்கும் இருவரும் சிநேகிதர்கள். மீசை அரும்புகிற வயதில், விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பியபோது, கலவைச் சட்டி தூக்க வந்த இடத்தில் பழக்கம். கம்பு கட்டிய சாரத்தின்மேல் அருகருகே நின்று, ஒரே பீடியை ஆளுக்குப் பாதியாக இழுத்தவர்கள். பூச்சுக் கரண்டி பிடிப்பதில் சிங்காரத்துக்குத்தான் கை முதலில் வந்தது. சவுரிராயனுக்குக் கை சுமார், வாய் நன்றாக வந்தது. வீட்டுக்காரர் வெயிலில் வந்து நின்றால் நாற்காலி போடுவார், அவர் பெண்டாட்டியிடம் சமையலறை மேடை எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்பார். சிங்காரம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பூசிக்கொண்டிருப்பார். சுவரா வந்து அடுத்த வீட்டு வேலையைக் கொடுக்கும்? நாலைந்து வருஷத்தில் சவுரிராயன் மேஸ்திரி ஆனார், சொந்தமாகக் கலவை மிஷின் வாங்கினார், திண்டிவனத்தில் மாடி வைத்த வீடு கட்டினார். சிங்காரம் அதே கரண்டியோடு அதே சாரத்தில் நின்றார்.

ஒருமுறை சவுரிராயன் கூப்பிட்டு, பெரிய வேலை ஒன்றில் பூச்சு முழுவதையும் அவர் கையில் கொடுத்தார். கூலியும் கூடுதல். ஆனால் அங்கிருந்த ஆட்கள் சவுரிராயனை "மேஸ்திரி" என்றார்கள், சிங்காரத்தை "அண்ணே" என்றார்கள். இது போதாதா? இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு மறுநாளே கெடாருக்கு பஸ் ஏறிவிட்டார். அவர் மனைவி தையல்நாயகிக்கு அந்த இடுப்புவலியின் பெயர் தெரியும். கேட்கவில்லை.

போன வருஷம் கார்த்திகையில் சிங்காரத்துக்கு இருமல் பிடித்தது. சிமெண்ட் தூசி என்று நினைத்தார். துண்டில் ரத்தம் தெரிந்த பிறகுதான் விழுப்புரத்துக்குப் போனார். அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் நெஞ்சைப் படமெடுத்து, இடது நுரையீரலில் கட்டி என்றார்கள். சதை எடுத்துச் சோதித்துப் புற்றுநோய் என்று உறுதி செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெரிய உறையில் படத்தைச் சுருட்டாமல் பிடித்துக்கொண்டு, அங்கே பெஞ்சில் இடம் தேடியபோது, அதேபோல ஓர் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சவுரிராயன்.

"இன்னாடா, நீயுமா?" என்றார் சவுரிராயன்.

"நெஞ்சுல கட்டியாம்" என்றார் சிங்காரம்.

"எனக்கும் அதாண்டா. வலது பக்கம். சாரத்துல நின்னு இழுத்த பீடி, ரெண்டு பேரையும் சரியா வந்து கணக்குத் தீக்குது பாரு."

சவுரிராயன் சிரித்தார். சிங்காரத்தின் நெஞ்சுக்குள் அந்த நேரத்தில் குளிர்ச்சியாக ஒன்று இறங்கியது. இவனுக்கும் வந்துவிட்டது. மாடி வீட்டுக்கும் வந்துவிட்டது. இப்படி நினைத்ததற்கு அடுத்த நிமிஷமே வெட்கப்பட்டார். வெட்கப்பட்டாலும் குளிர்ச்சி குளிர்ச்சிதான், அதை இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தக் குளிர்ச்சியும் நீடிக்கவில்லை. டாக்டர் பிரபாவதி இருவர் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, சிங்காரத்தின் கட்டிதான் பெரியது என்றார். நோயில்கூட அவனுக்குத்தான் சல்லிசு என்று சிங்காரம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். மூன்று தடவை ஏறியதும் மறுபடி ஸ்கேன். முதல் படத்தில் கட்டி எவ்வளவு நீளம், இப்போது எவ்வளவு என்று அளப்பார்கள். சுருங்கியிருந்தால் அதே மருந்து. வளர்ந்திருந்தால் மருந்தை மாற்ற வேண்டும்.

"உடம்பு தேவலாம்போல இருக்கு, இல்லாதபோல இருக்குன்னு நீங்க சொல்றத மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டோம். அளந்துதான் முடிவு" என்றார்.

இந்தப் பேச்சு சிங்காரத்துக்குப் பிடித்துப்போனது. ஆஸ்பத்திரியில் முதன்முதலாக அவருக்குப் புரிகிற மாதிரி ஒருவர் பேசியிருக்கிறார்.

மருந்து ஏறும் நாட்களில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சவுரிராயன் நர்சுகளின் ஊர் பேர் விசாரிப்பார், எதிரே இருக்கும் நோயாளிக்குத் தைரியம் சொல்வார். அவர் மனைவி இருதயமேரி கேப்பைக் கஞ்சியைத் தூக்கில் கொண்டுவந்து, "அண்ணனுக்கும் ஊத்தறேன்" என்று சிங்காரத்துக்கும் ஊற்றுவார். சிங்காரம் குடிப்பார். கஞ்சி நன்றாக இருப்பதே ஒரு குறையாகத் தெரியும். இவர் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து மண்டை வழவழவென்று ஆகிவிட்டது. சவுரிராயனுக்கு முன்பக்கம் கொஞ்சம் கழன்றதோடு சரி. இவர் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கும்போது, அந்த மனுஷன் அடுத்த நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரே மருந்து, ஒரே நாள். என்ன நியாயம் இது?

மூன்றாவது தடவை முடிந்து, ஆஸ்பத்திரியிலேயே இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைக் கையில் கொடுத்து, திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். வெளியே டீக்கடைக்கு வந்தார்கள். பழைய படமும் புதிய படமும் இருவர் கையிலும் இருந்தன. ஷீட்டில் வரிசையாக இருந்த படங்களில், கட்டி தெரிகிற படத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் எவன்டா காத்துக்கினு கெடப்பான்? டேப்பு வெச்சிருக்க இல்ல?" என்றார் சவுரிராயன்.

கேட்கவே வேண்டாம். வேலைக்குப் போகாவிட்டாலும் சிங்காரத்தின் சட்டைப்பையில் இரும்பு டேப்பு இருக்கும். சவுரிராயன் படத்தை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். சிங்காரம் டேப்பை இழுத்து வைத்தார். பழைய படத்தில் கட்டி ஏழு நூல். இஞ்சியில் எட்டில் ஒரு பங்குதான் கொத்தனாருக்கு நூல். புதிய படத்தில் ஆறு நூல்.

"கொறஞ்சிருக்கு" என்றார் சிங்காரம்.

அப்புறம் தன்னுடையதை அளந்தார். பழைய படத்தில் நாலு நூல். புதியதில் ஐந்துக்கு மயிரிழை கம்மி. டேப்பை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். ஐந்துக்கு மயிரிழை கம்மிதான். என்னுதுதான் பெருசு என்றார்களே, நாலு நூல்தானே இருக்கிறது என்ற யோசனை ஒரு கணம் வந்தது. அடுத்த கணமே அது எங்கேயோ போய்விட்டது. சவுரிராயனின் முகத்தில் இருந்த வெளிச்சம் கண்ணை மறைத்தது.

"அளவு முன்ன பின்ன இருக்கும்டா. டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும்" என்றார் சவுரிராயன்.

"டேப்பு பொய் சொல்லாது" என்று சிங்காரம் படத்தை உறைக்குள் திணித்தார்.

சிங்காரம் பஸ் ஏறிக் கெடாருக்கு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் உறையை மூலையில் எறிந்தார். "இனிமே ஊசி கீசின்னு என்ன எவனும் கூப்பிடாதீங்க. ஒரே மருந்தாம். அவனுக்குக் கரையுது, எனக்கு வளருது. நைசா ஒசந்த மருந்தா வாங்கி ஏத்திக்கினு இருக்கான். இல்லன்னா எப்படி?"

"உனக்கு ஏத்துன பாட்டிலதான அவருக்கும் மாட்டுனாங்க. நான் கண்ணால பாத்தேனே" என்றார் தையல்நாயகி.

"நீ இன்னாத்த கண்ட."

சாவு பயம் இல்லாமல் இல்லை. அது வயிற்றில் கல்லாகக் கிடந்தது. ஆனால் அந்தக் கல்லுக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது வேறு. தான் சாவது ஒரு பக்கம் இருக்கட்டும். தான் செத்த பிறகும் சவுரிராயன் இருப்பான், வந்து மாலை போடுவான், வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்வான், எல்லாரும் அவனை நல்லவன் என்பார்கள். இதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சவுரிராயன் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு தெம்பு. "சிங்காரம், திங்கக்கெழம நான் வரலடா. பெரிய பொண்ணு வீட்டு மேல்தளம் கான்கிரீட் போடறோம், நான் நிக்காம ஆவாது. அடுத்த ஊசியையும் தள்ளிப் போட்டுடலாம்னு பாக்கறேன். உடம்பு தாங்கல. அதான் கரஞ்சிக்கினு வருதே, இன்னா சொல்ற?"

டாக்டரைக் கேட்காமல் தள்ளாதே என்று சொல்வதற்கு வாய் இருந்தது. மனசு இல்லை. "உனுக்கு இன்னா, நீ தாராளமா தள்ளு. உன்னுதுதான் கரஞ்சிடுச்சே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் தையல்நாயகி புடவை கட்டிக்கொண்டு, மூலையில் கிடந்த உறையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "நான் போறேன். நீ வந்தா வா, வராட்டி போ. உன் டேப்ப நம்பி நான் தாலிய அறுத்துக்க மாட்டேன்" என்றார். கல்யாணமான நாள் முதல் அப்படி ஒரு வார்த்தை அவர் பேசியதில்லை. சிங்காரம் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

டாக்டர் பிரபாவதி கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சிங்காரம், "எனக்குத் தெரியும்மா, வளந்திருக்கு. நானே அளந்துட்டேன்" என்றார்.

"எதுல அளந்தீங்க?"

சிங்காரம் டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. உறையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினார். பழைய ஷீட்டில் பொடிப்பொடியாக முப்பது படங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. புதிய ஷீட்டில் பன்னிரண்டுதான், ஒவ்வொன்றும் பெரிதாக இருந்தது.

"விழுப்புரத்துல எடுத்தவங்க படத்தச் சின்னதாக்கிப் போட்டிருக்காங்க. நாங்க பெருசாப் போட்டிருக்கோம். படம் பெருசானா கட்டியும் பெருசாத்தான தெரியும்?" என்று, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சீப்புப் பல்லைப்போல் கோடுகள் இருந்த இடத்தைக் காட்டினார். "இது ஸ்கேல். கோட்டுக்குக் கோடு ஒரு சென்டிமீட்டர். உண்மையில எத்தன சென்டிமீட்டர்னு இத வெச்சுத்தான் கணக்கு. வீட்டுப் பிளானப் பாத்துத்தான கட்டுவீங்க? பிளான்ல மூணு இஞ்சி இருந்தா, மூணு இஞ்சிக்கா ரூம் கட்டுவீங்க?"

சிங்காரத்துக்குக் காது சுட்டது. பிளானைக் கையில் வாங்கினால் முதலில் ஸ்கேலைப் பார்ப்பது கலவைச் சட்டி தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். ஒருமுறை அதைப் பார்க்காமல் மார்க் பண்ணிய ஒரு பையனை எல்லார் முன்னாலும் திட்டியவர் அவர். அன்றைக்கு டீக்கடை வாசலில் அந்தக் கண் எங்கே போயிருந்தது? கண் சவுரிராயன் முகத்திலேயே இருந்தது, அவ்வளவுதான்.

"ஆறரை சென்டிமீட்டர் இருந்தது. இப்ப நாலரை. மருந்து நல்லா கேக்குது. நிறுத்தாம போடணும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

தையல்நாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சிங்காரம் கையெடுத்துக் கும்பிட்டார். எழுந்து கதவுவரை போனதும் டாக்டர் கூப்பிட்டார்.

"உங்க கூட வருவாரே, திண்டிவனத்துக்காரர், அவர் ஏன் வரல? போன் போட்டா எடுக்கல. உடனே வந்து என்னப் பாக்கச் சொல்லுங்க."

"அவருக்கு இன்னாம்மா?"

"அத அவர்கிட்டத்தான் சொல்லணும். வரச் சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபோதுதான் சிங்காரத்துக்கு உறைத்தது. சவுரிராயனின் முதல் படம் திண்டிவனத்தில் எடுத்தது. ஒரு ஷீட்டுக்கு ஆறே ஆறு படம், ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. இரண்டாவது, தன்னுடையதைப் போலவே பன்னிரண்டு. அப்படிச் சுருக்கிப் போட்ட படத்தில் கட்டியும் சுருங்கித்தானே தெரியவேண்டும்? ஏழு நூல் ஐந்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஆறில் நிற்கிறது. அப்படியென்றால் வளர்ந்திருக்கிறது.

தனக்குக் குறைந்திருக்கிறது, சவுரிராயனுக்கு வளர்ந்திருக்கிறது. வாழ்க்கையில் முதன்முதலாக அவர் முந்திவிட்டார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அது தித்திப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. கடைசி மடக்கில்தான் போனில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. தாராளமா தள்ளு. அந்த மனுஷன் வளர்கிற கட்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இவர் அளவை நம்பிக்கொண்டு, வெயிலில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிறான். டீ கசந்து வந்தது. மீதி இருந்ததைக் கீழே ஊற்றினார்.

கெடார் பஸ் வந்தது. தையல்நாயகியை அதில் ஏற்றிவிட்டு, சிங்காரம் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார்.

கான்கிரீட் முடிந்து சவுரிராயன் வீட்டுக்கு வந்திருந்தார். களைத்துப்போய், வாசற்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். சிங்காரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாடா. மேரி, சிங்காரம் வந்திருக்கான், சோத்தப் போடு."

"சோறு கெடக்கட்டும். நான் அளந்தது தப்புடா. உன்னுது கொறையல. டாக்டரம்மா உடனே வரச் சொன்னாங்க."

சவுரிராயனின் முகத்தில் இருந்த மலர்ச்சி மெதுவாக வற்றியது. உள்ளேயிருந்து வந்த இருதயமேரி நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"டாக்டரம்மா வளந்திருக்குன்னு சொன்னாங்களா?"

"அவங்க சொல்லல. நான் கணக்குப் போட்டேன்."

"நீ கணக்குப் போட்ட." சவுரிராயன் தலையை ஆட்டிக்கொண்டார். "சாரத்துல நின்ன காலத்துலேந்து பாக்கறேன். நான் பைக் வாங்கனப்ப பெட்ரோலு தண்டம்னு சொன்ன. வீட்டுக்கு நெல வெச்சப்ப கெழக்கு சரியில்லன்னு சொன்ன. இப்ப கட்டி கரையுதுன்னு சந்தோஷமா இருந்தா அதுவும் உனக்குப் பொறுக்கல. எல்லாத்தையும் தெரிஞ்சுதாண்டா உன்ன சேத்துக்கினு இருக்கேன். இதுல வெளயாடாத, போ."

சிங்காரம் படிக்குக் கீழேயே நின்றார். இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் வேலை கொடுத்திருக்கிறான், கஞ்சி ஊற்ற வைத்திருக்கிறான். இப்போது உண்மையைச் சொன்னால் நம்புவதற்கு, தான் ஒரு நாளாவது நல்ல மனசோடு இவனிடம் பேசியிருக்க வேண்டும். அப்படி ஒரு நாளைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"என்ன நம்பாத. படத்த எடுத்தாந்து நீயே பாரு. ஓரத்துல ஸ்கேல் போட்டிருக்கு" என்றார். "அன்னைக்கு ரெண்டு பேருமே பாக்கல."

ஸ்கேல் என்ற சொல் சவுரிராயனை நிமிர வைத்தது. எத்தனை பிளான் பார்த்த மேஸ்திரி. இருதயமேரி படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். சவுரிராயன் இரண்டையும் வானத்துக்கு எதிரே பிடித்து, ஓரத்துக் கோடுகளை விரல் நகத்தால் எண்ணினார். கட்டியின் நீளத்துக்கு நகத்தை வைத்து, அதைக் கோடுகளின் மேல் நகர்த்திப் பார்த்தார். முதல் படத்தில் நாலரைக் கோடு. இரண்டாவதில் ஐந்தைத் தாண்டி, ஆறுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மறுபடி எண்ணினார். படங்களை மடிமேல் இறக்கி வைத்தார்.

"உன்னுது?" என்றார் கடைசியில்.

பொய் சொல்லிவிடலாமா என்று சிங்காரத்துக்குத் தோன்றியது. "கொறஞ்சிருக்கு" என்றார்.

சவுரிராயன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சிங்காரத்துக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாகத் தன் கண்ணிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது அதுதான். எதிரிலிருந்து தன்மேல் வந்து விழுவதை இப்போதுதான் பார்க்கிறார். இப்படி ஒரு பார்வைக்காக அவர் எவ்வளவோ ஏங்கியிருக்கிறார். வந்தபோது அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தன் கட்டி குறையாமல் பழைய ஆறரையிலேயே நின்றிருக்கலாம் என்றுகூட நினைத்தார்.

"உம்மேல பொறாமையா இருக்குடா" என்றார் சவுரிராயன்.

குரலை உயர்த்தவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. தண்ணீர் கேட்பதுபோல் சொல்லிவிட்டார். சிங்காரம் ஆயுசு முழுக்க நெஞ்சில் வைத்துப் பூட்டி, ஒருநாளும் வாயில் வராத வார்த்தை. அது வந்த ஒரு நிமிஷத்திலேயே எடுத்து வெளியே வைத்துவிட்டான் மனுஷன். இதிலும் அவன்தான் முந்திக்கொண்டான்.

"எனக்கு எப்பவுமே இருந்துச்சு" என்றார் சிங்காரம். படியில் சவுரிராயனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காலையில் முதல் பஸ்ஸுக்கு இருவரும் சேர்ந்து போய் டாக்டரைப் பார்ப்பது என்று இருதயமேரிதான் முடிவு செய்தார். இருவருக்கும் அங்கேயே தட்டு வைத்துச் சோறு போட்டார்.